கீழாநெல்லிப் பொடி: ஆர்பிசிஎல்லா, ஐடிஎஸ்2ஆ?

பொடி அசல் கீழாநெல்லிதானா, அதைப் போன்ற வேறு இனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செடியென்றால் இலைக்குக் கீழே தொங்கும் காயைப் பார்க்கலாம்; பொடியாக இடித்த பிறகு அதை எங்கே பார்ப்பது? டி.என்.ஏ.வைத்தான் கேட்க வேண்டும். இனத்தைக் காட்டிக்கொடுக்க அதில் படிக்கும் இரண்டு பகுதிகள்தான் ஆர்பிசிஎல்லும் (rbcL) ஐடிஎஸ்2உம் (ITS2). ஆர்பிசிஎல் பசுங்கணிகத்து (குளோரோபிளாஸ்ட்) மரபணு, ஏறத்தாழ எந்தச் செடியிலும் ஆய்வகத்தில் சுலபமாக நகலெடுத்துப் பெருக்கலாம், 2009இல் மேட்கே (matK) என்ற இன்னொரு பசுங்கணிக மரபணுவோடு சேர்த்துத் தாவரங்களுக்குப் பொது பார்கோடாகவே, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. துண்டாகவே, பரிந்துரைத்தார்கள். ஆனால் பேரினம் வரை சொல்லிவிட்டு, நெருங்கிய இனங்களுக்குள் பல நேரம் கையை விரித்துவிடும்.

ஐடிஎஸ்2 உட்கருவில் இருப்பது, வேகமாக மாறுவது, நீளமும் ஏறத்தாழ 200 டி.என்.ஏ. எழுத்துதான், அதனால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிப்போன பழைய சரக்கிலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். தொல்லை என்னவென்றால், பூஞ்சை பிடித்த பொடியில் சில சமயம் செடிக்குப் பதில் பூஞ்சையின் டி.என்.ஏ. வரிசை வந்து நிற்கும். ஒரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் ஐடிஎஸ்2 பக்கம். சாறு காய்ச்சி எடுத்த மாத்திரையா? அதில் டி.என்.ஏ. பெரும்பாலும் சிதைந்திருக்கும், அப்போ இரண்டையும் நம்ப முடியாது, வேதிச் சோதனைக்குப் போங்கள்.