வைப்பர் சுவிட்ச் மாற்றக் கொடுத்தேன், ஒயரிங்கைக் கருக்கித் தந்தார்கள்: பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

என்னுடைய லேண்ட் ரோவர் சீரீஸ் 3 வண்டியில் வைப்பர் சுவிட்ச் தேய்ந்துபோய், வேகமான ஓட்டம் வருவதும் போவதுமாக இருந்தது. பழைய வண்டிகளின் மின் வேலையில் தேர்ந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில், அதே வகைச் சுவிட்சைப் போட்டுத் தரும்படி கேட்டு வண்டியை விட்டேன். திரும்பி வந்த வண்டியில் பொருந்தாத சுவிட்சும், தேவையே இல்லாமல் மாற்றப்பட்ட மோட்டாரும், இன்சுலேஷன் உருகிய ஒயர்களும் இருந்தன. பில்லில் ‘ஒரிஜினல் சுவிட்ச்’ என்று எழுதியிருந்தார்கள். டேஷ்போர்டில் இருந்ததோ எந்த வண்டியிலும் எந்த விளக்குக்கும் போடக்கூடிய சாதாரண டாகிள் சுவிட்ச்.

அவர்கள் செய்தது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்க, இந்த வைப்பர் வேலை செய்யும் முறையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வேகங்கள் கொண்ட, லூகாஸ் நிறுவனத்தின் 14டபிள்யூ மோட்டாரில் ஐந்து டெர்மினல்கள் உண்டு. ஒன்றாம் எண்ணுக்கு எர்த்தாகிய, அதாவது வண்டியின் உலோக உடலோடு சேரும் கறுப்பு ஒயரும், நான்காம் எண்ணுக்கு இக்னிஷன் சாவியைத் திருப்பியதும் ஃபியூஸ் வழியாக மின்சாரம் வரும் பச்சை ஒயரும் செல்லும். ஐந்தாவது சாதாரண வேகம், சிவப்பில் இளம்பச்சைக் கோடு. மூன்றாவது அதிக வேகம், நீலத்தில் இளம்பச்சைக் கோடு. எஞ்சியிருக்கும் இரண்டாம் எண்தான், பழுப்பில் இளம்பச்சைக் கோடு போட்ட பார்க் ஒயர். எல்லாத் தொல்லையும் இதில்தான் தொடங்கியது.

மோட்டாரின் கியர் பெட்டியோடு சேர்ந்து ஒரு சிறிய பார்க் சுவிட்ச் இருக்கிறது. பிளேடுகள் கண்ணாடியின் நடுவில் எங்கே இருந்தாலும், அது பச்சை ஒயரின் மின்சாரத்தைப் பார்க் ஒயருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்; பிளேடுகள் தங்கும் இடத்துக்கு வந்ததும் அந்தத் தொடர்பைத் துண்டித்து, பார்க் ஒயரை எர்த்தோடு சேர்த்துவிடும். நாம் வைப்பரை அணைக்கும்போது டேஷ்போர்டில் உள்ள சுவிட்ச் பார்க் ஒயரையும் சாதாரண வேக ஒயரையும் ஒன்றாக இணைக்கிறது. அதனால்தான் அணைத்த பிறகும் பிளேடுகள் தாமாக ஓரத்துக்கு வந்து சேருகின்றன. அங்கே வந்ததும் ஒயர் எர்த் ஆகிவிடுவதால், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஒரு கணம் தானே மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தாலேயே பிரேக் போட்டதுபோல் நின்றுவிடுகிறது. ஆக, அந்த இரண்டு ஒயர்களுக்கும் இடையிலான இணைப்பு, சுவிட்ச் அணைந்திருக்கும்போது மட்டுமே இருக்க வேண்டும்.

டாகிள் சுவிட்சில் இந்த ஏற்பாடு கிடையாது. முதல் நாள் அணைத்தபோது பிளேடுகள் கண்ணாடியின் பாதியிலேயே நின்றன. புகார் சொன்னதும், “அதைச் சரிசெய்துவிடலாம் சார்” என்று வண்டியை உள்ளே வாங்கிக்கொண்டு, பார்க் ஒயரையும் சிவப்பு ஒயரையும் சுவிட்சுக்குப் பின்னால் நிரந்தரமாக முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். அணைத்தால் பிளேடுகள் அழகாக ஓரத்துக்கு வந்தன; அதை மட்டும் காட்டி வண்டியை ஒப்படைத்தார்கள். ஆனால் வைப்பரைப் போட்டால், சுவிட்சிலிருந்து வரும் மின்சாரம் அந்த முறுக்கல் வழியாகப் பார்க் ஒயருக்கும் போகிறது. பிளேடுகள் தங்கும் இடத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர் எர்த் ஆவதால், நேரடி ஷார்ட் ஏற்படுகிறது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக, வைப்பரைப் போட்டதுமே ஃபியூஸ் போனது.

இதன் பிறகு அவர்கள் சொன்னதை நான் ஏமாற்று வேலை என்றே கருதுகிறேன். மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது, அது எரிந்துவிட்டது என்று சொல்லி வேறொரு மோட்டாரை என் தலையில் கட்டினார்கள். பழைய மோட்டாரைக் கேட்டபோது, பழைய இரும்போடு போய்விட்டது என்றார்கள். கழற்றிய சுவிட்சும் திரும்பி வரவில்லை. புது மோட்டாரைப் போட்டும் ஃபியூஸ் போகவே, காரணத்தைத் தேடாமல் ஃபியூஸையே பெரிதாக்கிவிட்டார்கள்.

அது பெரிது என்பது பார்த்தவுடன் தெரியாது. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், அது ஃபியூஸ் உருகும் அளவைக் குறிக்கும். தொடர்ந்து தாங்கும் மின்சாரம் சுமார் 17 ஆம்பியர்தான். இப்போது கிடைக்கும் வேறு வகை ஃபியூஸ்களில் 35 என்றால் தொடர்ந்தே 35 ஆம்பியர் என்று பொருள். எண் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் பாதுகாப்பு பாதியாகிவிடும். அவர்கள் புதிதாக இழுத்திருந்த ஒயரோ 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பு கொண்டது. ஒன்பது ஆம்பியருக்குக் கீழேதான் அதைப் பயன்படுத்த வேண்டும். ஆகவே ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் சூடானது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் வண்டியை நிறுத்தி பேனலைக் கழற்றினேன். பச்சை ஒயர் பக்கத்து ஒயர்களோடு ஒட்டிப்போயிருந்தது. பிரிட்டிஷ் வண்டிகளில் பொதுவாக இந்தப் பச்சை ஒயர்ச் சுற்றிலேயே பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் இருப்பதால், கொட்டும் மழையில் வைப்பரோடு அவையும் போயிருக்கும்.

எர்த் விஷயத்திலும் இதே அலட்சியம்தான்; எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் பல்க்ஹெட் என்ற உலோகத் தடுப்பில், மின்தொடர்பைத் தடுக்கும் பெயின்ட்டின் மேலேயே, சுரண்டாமல், ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள்.

ஒயரிங் தெரிந்த வேறொருவர் இதைச் சரிசெய்தார். அவர் முதலில் ஃபியூஸின் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டினார். வைப்பர் மெதுவாக நகரும்போது மங்கலாக எரிந்த பல்பு, பிளேடுகள் ஓரத்தைத் தொட்டதும் முழு வெளிச்சத்தில் எரிந்து, மோட்டார் அங்கேயே நின்றது. ஷார்ட் எங்கே என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு பல்பும் ஒரு ஹோல்டரும் போதும். மோட்டார் எரிந்துவிட்டது என்று சொன்னவர்கள் இதைக்கூடச் செய்யவில்லை.

இனி யாராவது வைப்பர் சுவிட்சை மாற்றித் தந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு சுவிட்சை மட்டும் மல்டிமீட்டரில் பாருங்கள். அணைத்த நிலையில் பார்க் முனைக்கும் சாதாரண வேக முனைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். போட்ட நிலைகளில் இருக்கவே கூடாது. வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி, இரண்டு வேகத்திலும் சில நிமிடம் ஓடவிட்டு, பிளேடு நடுவில் இருக்கும்போது அணைத்துப் பாருங்கள். கழற்றிய பாகங்களைத் திரும்பத் தர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே டாகிள் சுவிட்ச் போட்டிருக்கும் வண்டி என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பேனலுக்குப் பின்னால் பாருங்கள். பழுப்பு–இளம்பச்சையும் சிவப்பு–இளம்பச்சையும் ஒரே டேப்புக்குள் முறுக்கிக் கிடந்தால், சரியான சுவிட்ச் கிடைக்கும்வரை அவற்றைப் பிரித்து வையுங்கள். பார்க் ஒயரின் முனையில் மின்சாரம் இருக்கக்கூடும் என்பதால், அதைத் தனியாக இன்சுலேஷன் செய்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள்.