மலேசியா பயணம்: எல்லாத் தகவலும் டிராவல்ஸ்காரரின் கைப்பேசிக்கே போனது

மலேசியாவுக்குச் சுற்றுலா போகும் இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா தேவையில்லை. முப்பது நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகையை 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். அப்படி இல்லாத ஒரு விசாவுக்கு ஆளுக்கு 3,500 ரூபாய் வீதம் எங்கள் குடும்பத்தில் நான்கு பேருக்கும் வசூலித்துக்கொண்டார் திருச்சியில் கடை வைத்திருக்கும் ஒரு டிராவல்ஸ்காரர். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. இதே முறையில் பிழைப்பவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள் என்பதால், அவர் செய்ததை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

அவர் கொடுத்த கட்டணப் பட்டியலில் 'விசா மற்றும் நுழைவுச் சேவை' என்று ஒரு வரி இருந்தது. விசாதான் வேண்டாமே என்று கேட்டேன். "வயதானவர்கள் வருகிறார்கள் அல்லவா சார், கவுன்ட்டரில் தொந்தரவு வரக்கூடாது என்பதற்காக" என்றார். அந்தச் சேவை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் எம்.டி.ஏ.சி. என்னும் மின்வருகை அட்டையை நிரப்பியிருந்தார், அவ்வளவுதான். அதற்குக் கட்டணமே கிடையாது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் கைப்பேசியிலேயே நிரப்பிவிடலாம். சிங்கப்பூரின் வருகை அட்டையும், தாய்லாந்து 2025 மே 1 முதல் கேட்கும் மின்வருகை அட்டையும் இதே போல இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்களும் உண்டு, கவனம். எங்களுக்கு நடந்த 3,500 ரூபாய்ச் சேவையில் அப்பாவின் பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தவறு. கோலாலம்பூர் விமான நிலையத்தில் எழுபது வயதுக்காரரை வரிசையிலிருந்து விலக்கி நிற்க வைத்து, அங்கேயே புதிதாக நிரப்பச் சொன்னார்கள்.

அட்டையை நிரப்பும்போது அவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். அதனால் அந்தத் தவறு எங்கள் கண்ணில் படவே இல்லை. அட்டையில் மட்டும் இல்லை. விமான டிக்கெட், விடுதி, காப்பீடு என்று எல்லாவற்றிலும் பயணியின் தொடர்பு எண்ணாக அவருடைய எண்தான் இருந்தது. நாங்கள் பணம் கட்டிய பயணத்தைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் அவருக்குப் போனது. அவர் காட்ட விரும்பிய பி.டி.எஃப். மட்டும் எங்களுக்கு வந்தது. மோசடியின் ஆணிவேர் இதுதான்.

டிக்கெட் உண்மையானது. ஆனால் "இருபது கிலோ லக்கேஜ் உண்டு" என்று சொல்லிவிட்டு, கையில் கொண்டுபோகும் ஏழு கிலோவுக்கு மட்டுமே இடமுள்ள மலிவு டிக்கெட்டை வாங்கியிருந்தார். குறைந்த கட்டண விமானங்களில் லக்கேஜுக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் ஒரு விலை, விமான நிலையக் கவுன்ட்டரில் கட்டினால் அதைவிடப் பல மடங்கு. திருச்சிக் கவுன்ட்டரில் கட்டினோம்.

விடுதி விவகாரம் இதைவிட நுட்பமானது. முன்பணம் இல்லாமல் அறை பதிவு செய்யவும், வருகைக்கு ஓரிரு நாள் முன்புவரை கட்டணமின்றி ரத்து செய்யவும் பல தளங்கள் அனுமதிக்கின்றன. பயணிகளுக்கு நல்ல வசதிதான். இவர் அதில் ஒரு நல்ல விடுதியைப் பதிவு செய்து, உறுதிச் சீட்டை எங்களுக்கு அனுப்பி, முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, கெடு முடிவதற்குள் ரத்து செய்துவிட்டார். ரத்தான தகவலும் அவருக்குத்தான் போயிருக்கும். இரவு பத்து மணிக்கு வரவேற்பு மேசையில் இருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்: பெயர் இருந்தது, பக்கத்தில் 'ரத்து' என்றும் இருந்தது. டிராவல்ஸ்காரரின் கைப்பேசி அணைந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு சிறு தங்கும் விடுதியைத் தேடிப் பிடித்து, சொந்தப் பணத்தில் தங்கினோம். காலையில் அவரே அழைத்து, "சிஸ்டத்தில் ஏதோ கோளாறு சார், வேறு இடம் போட்டிருக்கிறேன்" என்றார். அந்த வேறு இடம் ஊருக்கு வெளியே, சமையலறையோடு கூடிய இரண்டு அறைகள். நாங்கள் கொடுத்ததில் பாதி விலை கூட இருக்காது.

இதைத் தடுப்பது எளிது. சீட்டில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, விடுதியின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். பணம் செலுத்தப்பட்டுவிட்டதா, வந்து கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். ரத்துக்கான கெடு முடிந்த மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள்.

காப்பீட்டில் அவர் செய்ததை என்னால் மன்னிக்க முடியாது. பத்துமலையில் படியேறும்போது அம்மாவுக்குத் தலை சுற்றியது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் காப்பீட்டு உதவி எண்ணை அழைத்தோம். பாலிசி எண் இருக்கிறதாம், ஆனால் அது வேறொருவருடையது, காலமும் முடிந்துவிட்டது. பழைய பாலிசியின் மேல் எங்கள் பெயரையும் தேதியையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கு நீர்ச்சத்துக் குறைவுதான். மாலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார், செலவும் கைக்கு அடங்கியது. அதுவே மாரடைப்பாக இருந்திருந்தால் என்ற கேள்வியை நான் டிராவல்ஸ்காரரிடமே கேட்டேன். "ஒன்றும் ஆகவில்லையே சார்" என்றார்.

பயணக் காப்பீட்டை நேரடியாக நிறுவனத்திடமே வாங்கலாம். பாலிசி உங்கள் மின்னஞ்சலுக்கே வரும். முகவர் வழியாக வாங்கினால், அந்த எண்ணை நிறுவனத்தின் உதவி எண்ணில் சொல்லி, யார் பெயரில், எந்தத் தேதிக்கு, முன்பே உள்ள நோய்கள் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்களுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். போலிச் சீட்டு அங்கே விசாவையே கெடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு விற்பவர், விற்கும்போதே வசூலிக்கும் டி.சி.எஸ். என்னும் வரியைப் பிடித்து, உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் சட்டம். விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது. இவர் ஐந்து சதவீதம் வாங்கினார், பான் எண்ணைக் கேட்கவே இல்லை. என் பான் எண்ணில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் அந்தத் தொகை இல்லை. ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது கேட்டதற்குக் கொட்டேஷன் தாள்தான் கிடைத்தது.

திரும்பி வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். கால்பங்குப் பணத்தைத் தருவதாகவும், அதற்கு நான் எங்கும் எதுவும் எழுதக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். மறுத்துவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் கட்டிய வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல், விடுதி எழுதிக் கொடுத்த ரத்துக் கடிதம், காப்பீட்டு நிறுவனத்தின் மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். உங்களிடமும் இப்படி யாராவது வாங்கியிருந்தால் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எங்கள் மனுவில் பாதிப் பக்கங்கள் அவருடைய குறுஞ்செய்திகள்தான்.