அமேசான் கே.டி.பி.யில் தமிழ்ப் புத்தகம்: 2 தொகுப்புகள் போட்ட அனுபவம்

என் 2 சிறுகதைத் தொகுப்புகளை, எழுதியவரே புத்தகம் வெளியிட அமேசான் நடத்தும் கே.டி.பி. சேவையில் நானேதான் வெளியிட்டேன். சொந்தமாகப் புத்தகம் போட நினைக்கிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன், ஆனால் மின்நூலுக்கு மட்டும், ஏனென்றால் அங்கே தமிழில் அச்சுப் புத்தகம் போட வழியில்லை. 2016 டிசம்பரில் அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலுக்குத் தமிழ் வந்தது. கணக்குத் தொடங்கப் பணம் கட்ட வேண்டாம், ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் வேண்டாம், வேர்டு கோப்பை ஏற்றினால் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் கடைக்கு வந்துவிடும்.

கஷ்டம் முழுக்க அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. முதல் தொகுப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அதை இப்போது எல்லாக் கருவிகளும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றியபோது "அவர்" என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் "அவா்" என்று வந்திருந்தது. ர எழுத்தும் துணைக்காலும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் தட்டச்சு செய்கிறவர்கள் காலைப் போட்டு மேலே புள்ளி வைத்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் வாசகர் "அவர்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. தமிழில் காலுக்கு மேல் புள்ளி வரவே வராது என்பதால் இதை மொத்தமாக மாற்றிவிடலாம், பயமில்லை.

ஔகாரம் அப்படி இல்லை. "கௌரி" என்ற பெயரை ஒற்றைக்கொம்பும் ள எழுத்துமாக அடித்திருந்தார்கள். அதையும் அதே வேகத்தில் மொத்தமாக மாற்றினேன். கௌரி சரியாகிவிட்டாள், ஆனால் கொம்புக்குப் பின் உண்மையிலேயே ள வருகிற வெள்ளம், தெளிவு, வெளியே எல்லாம் உடைந்துபோயின. நான் கவனிக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து பெரியம்மாதான் போன் செய்தார்: "ஏய்யா, ஆத்துல வெள்ளம் வாற எடத்துல எல்லாம் எழுத்துப் பக்கத்துல வட்டம் வட்டமா நிக்கே, என் போன்தான் கெட்டுப்போச்சா?" திருத்திய கோப்பை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பது உண்மைதான், ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் கைக்கு அது தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் வெளியிடுவதற்கு முன்பே பிரிவ்யூவரில் (புத்தகம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டும் கருவி) முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படியுங்கள். ஔகாரத்தை ஒவ்வொரு சொல்லாகத்தான் திருத்த வேண்டும், வேறு வழி கிடையாது.

அப்புறம் கே.டி.பி. செலக்ட், அதாவது மின்நூலை அமேசானில் மட்டும் விற்க ஒப்புக்கொள்ளும் திட்டம். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70% ராயல்டி வேண்டுமென்றால் இதில் சேர்ந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 35% தான். சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாவில் வாசகர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் வரும், 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுத்துப் பார்க்கலாம். பதிலுக்கு அந்த 90 நாளும் புத்தகம் மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவில்கூட. மாதிரிக்கு 10% வரை வைத்துக்கொள்ளலாம், அச்சுப் புத்தகத்துக்குத் தடையில்லை. நம்மில் பலர் கதைகளை முதலில் இணையத்தில் தொடராகப் போட்டவர்கள், டிக் அடிப்பதற்கு முன் அவை எங்கெங்கே கிடக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். 90 நாள் முடிந்ததும் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அதையும் நினைவில் வையுங்கள். என் 2-ஆவது தொகுப்பின் கதைகள் பாதிக்கு மேல் வலைப்பூவில் இருக்கின்றன, அவற்றை எடுக்க மனம் வரவில்லை, 35%க்கே விட்டுவிட்டேன்.

வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அமெரிக்காவில் விற்பவற்றுக்குப் பிடிக்கும் வரி 30%லிருந்து 15%க்குக் குறையும். ராயல்டி நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது, விற்ற மாதம் முடிந்து சுமார் 60 நாளில்.

அச்சிலும் வேண்டுமென்றால் தேவைக்கேற்ப அச்சிடும் நிறுவனங்களிடம் தனியாகப் போக வேண்டும். அதற்கான ஐ.எஸ்.பி.என்.னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து இலவசமாக வாங்கலாம். என்னிடம் அச்சிடுகிறவர்கள் அதற்கென்று தனியாகப் பணம் கேட்டார்கள். கொடுக்காதீர்கள்.