கோயில் மண்டபத்தில் இலவச சீனிப் பரிசோதனையா? ஃபோமில் கையெழுத்துப் போட முன் இதை வாசியுங்கள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பனிக்காரர்கள் வந்து இலவசமாக இரத்தத்தில் சீனி பார்த்தார்கள். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பேர், விரலில் குத்திப் பார்க்கும் மெஷினோடு. வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பக்கெட். ஒரு மாதத்துக்குள் அந்த லயங்களில் பல வீடுகளுக்கு போன் தொல்லை, ரீலோட் காசு காணாமல் போவது, கேட்காத கடனுக்குத் தவணை என்று வரிசையாக வந்து சேர்ந்தது. கம்பனியின் பெயரை எழுதவில்லை. அடுத்த டிவிஷனுக்கு அவர்கள் வேறு பெயரில்தான் வருவார்கள்.

பரிசோதனையே ஒழுங்காக நடக்கவில்லை. காலை பதினொரு மணி, ரொட்டியும் இனிப்புத் தேத்தண்ணியும் வயிற்றில் இருக்கிறது. மெஷினில் 160, 170 என்று வந்ததும் கார்டில் சிவப்புப் பேனையால் 'சீனி உண்டு' என்று எழுதிவிட்டார்கள். குறைந்தது 8 மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல், நாளத்திலிருந்து இரத்தம் எடுத்துப் பார்க்கும்போது ஒரு டெசிலீற்றரில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்ற பேச்சு வரும். அறிகுறி இல்லாதவருக்கு அதையும் இன்னொரு தரம் பார்த்துத்தான் வைத்தியர் உறுதி சொல்வார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் 160 காட்டுவதை மட்டும் வைத்து நோய் என்று யாரும் எழுத முடியாது. விரல் குத்துவது மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று அறியத்தான். பயந்தவர்கள் அரச ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடு போங்கள், அங்கே காசு வாங்கமாட்டார்கள்.

பெரிய வில்லங்கம் ஃபோமில் இருந்தது. பெயர், லய இலக்கம், போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், ஈபிஎஃப் இலக்கம், கடைசிக் கட்டத்தில் சீனி அளவு. சீனி பார்க்க ஈபிஎஃப் இலக்கம் எதற்கு? மாதச் சம்பளம் வருகிற ஆள் யார் என்று அறியத்தான், வேறெதற்கும் இல்லை. அதோடு அடையாள அட்டையை இரண்டு பக்கமும் போனில் படமெடுத்தார்கள். "அக்கா, உங்க போனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வந்திருக்கும், அதக் கொஞ்சம் சொல்லுங்க, ரிப்போட் அனுப்பத்தான்" என்றார்கள். அதுதான் ஓடிபி, ஒரு தரம் மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கம். ரிப்போட் அனுப்ப ஓடிபி தேவையில்லை, போன் இலக்கமே போதும்.

அட்டை இலக்கம் வெறும் இலக்கம் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறோம். 12 இலக்க அட்டை ஒன்று 1978562 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 562இல் 500 போனால் 62. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே கணக்கு, ஆகவே மார்ச் 2. அந்த அம்மாவின் பிறந்த திகதி கையில் வந்துவிட்டது. போனில் "உங்களை உறுதிப்படுத்த பிறந்த திகதி சொல்லுங்கள்" என்று கேட்கும் இடங்களில், இனி அவருக்குப் பதிலாக வேறு ஆள் சொல்லலாம். கடைசியில் V உள்ள பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான், முன்னால் 19 மட்டும் இல்லை.

ஃபோமின் அடியில் எறும்பளவு எழுத்தில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும், 'பங்காளி நிறுவனங்களுடன் தகவலைப் பகிரச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி. பக்கத்தில் ஹிப்பா, ஜிடிபிஆர் என்று இரண்டு முத்திரைகள். ஹிப்பா 1996இல் வந்த, நோய் விபர இரகசியத்தையும் காக்கும் அமெரிக்கச் சட்டம். அங்கேயே அது ஆஸ்பத்திரி, காப்புறுதிக் கம்பனி போன்றவற்றைத்தான் கட்டுப்படுத்தும், பெரும்பாலான போன் செயலிகளைத் தொடாது. மருந்து விலைக்கழிவு தரும் குட்ஆர்எக்ஸ் என்ற அமெரிக்கச் செயலி ஆட்களின் மருந்து விபரத்தை விளம்பரக் கம்பனிகளுக்குக் கொடுத்ததற்காக 2023இல் 15 இலட்சம் டொலர் கட்டியது. கட்ட வைத்தது ஹிப்பா அல்ல, அந்த நாட்டு வர்த்தக ஆணைக்குழு. ஜிடிபிஆர் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தலவாக்கலைக் கோயில் மண்டபத்தில் அந்த முத்திரைகள் வெறும் மை.

இலங்கையில் நமக்கென்று இருப்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது நோய் விபரத்தை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. சம்மதம் கேட்பதென்றால் விளங்கும் மொழியில், மற்ற விடயங்களோடு கலக்காமல் கேட்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தகவலின் பிரதி கேட்கலாம், அழிக்கச் சொல்லலாம். 2022இல் எழுதியபடி 21 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். தண்டம் ஒரு கோடி ரூபாய் வரை போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச் 18 முதல் அமுலுக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் கடைசி நேரத்தில் பிற்போடப்பட்டன. ஆகவே தண்டத்தை நம்பி உட்கார முன், எந்தப் பிரிவு அமுலில் இருக்கிறது என்று தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பின்னால் முறைப்பாடு செய்ய, எழுத்தில் கேட்ட திகதி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கடிதம் தமிழிலேயே போதும்: 'இன்ன திகதியில் இன்ன இடத்தில் என்னிடம் பெற்ற பெயர், அட்டை இலக்கம், அட்டைப் படம், போன் இலக்கம், சீனி அளவு ஆகியவற்றின் பிரதியைத் தரவும். யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதித் தரவும். என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், அனைத்தையும் அழிக்கவும்.' இதில் அட்டை இலக்கத்தை முழுதாக எழுதாதீர்கள், கடைசி நான்கு போதும். பதிவுத் தபாலில் போடுங்கள். போனில் சொன்னதற்கு அத்தாட்சி கிடையாது.

ஓடிபி சொல்லிவிட்டவர்களுக்குக் கடிதம் இரண்டாம் வேலை. முதலில் போன் கம்பனியின் கவுண்டருக்குப் போய், உங்கள் அட்டையில் எத்தனை சிம் இருக்கிறது, நாளாந்தம் காசு வெட்டும் சேவை எதுவும் ஏறியிருக்கிறதா என்று கேட்டு, தெரியாததை அங்கேயே நிறுத்துங்கள். இணையக் கடனுக்கு ஓடிபி, அட்டைப் படம், முகப்படம் மூன்றும் சேர்ந்தால் போதுமாக இருக்கும். மண்டபத்தில் 'ஞாபகத்துக்கு' என்று எடுத்த போட்டோவை நினைத்துப் பாருங்கள். கடன் தகவல் பணியகத்தில் உங்கள் அறிக்கையை எடுத்தால், அங்கே அறிக்கை கொடுக்கும் நிறுவனங்களில் உங்கள் பெயரில் உள்ள கடன் தெரியும். நீங்கள் எடுக்காத கடன் இருந்தால் அறிக்கையோடு பொலிஸில் முறைப்பாடு எழுதி, பதிவு இலக்கத்தை வாங்கிக்கொண்டு, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். தொல்லை தாங்காமல் ஒரு தவணை கட்டினால், கடனை ஒப்புக்கொண்டதாகத்தான் பேசுவார்கள்.

அட்டைப் பிரதி கேட்கும் இடத்தில் படமெடுக்க விடாமல், போட்டோப் பிரதியின் குறுக்கே இரண்டு கோடு கீறி, கோடுகளுக்கு நடுவே எதற்கு, யாருக்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதிக் கொடுங்கள். எழுத்து அட்டைப் படத்தின் முகத்தில் கொஞ்சமாவது ஏற வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள். கிளினிக் கொப்பியை ஒருவருக்கும் படமெடுக்கக் கொடுக்காதீர்கள். அதில் பெயரும் நோயும் குடிக்கிற குளிசையும் ஒரே பக்கத்தில் இருக்கிறது.