ஸ்டாக்ஃபிஷ்ஷோடு பதினோரு ஆண்டுகள்: இன்னும் போட்டி இருக்கிறதா?

2014-ல் என் லேப்டாப்பில் செஸ் ஆடும் மென்பொருளான ஸ்டாக்ஃபிஷ் 5-ஐ முதன்முதலாக நிறுவினேன். இலவசம், நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். அன்றிலிருந்து அதைத் திறக்காமல் ஒரு வாரம்கூடப் போனதில்லை. நான் கிளப் அளவில் ஆடுபவன், ரேட்டிங் 1700-க்கும் 1850-க்கும் நடுவே. இத்தனை காலம் பழகியதில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

மனிதர் இன்னும் கம்ப்யூட்டரை ஜெயிக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கும் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். சமமான காய்கள், வழக்கமான நேர அளவு என்றால் மனிதர் இனி கம்ப்யூட்டரை ஜெயிக்கப்போவதில்லை. உலக சாம்பியனுக்கும் இதே நிலைதான். கம்ப்யூட்டர் ஒரு காயை விட்டுக்கொடுத்து ஆடினால் மட்டும் போட்டிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. என் செஸ் நேரத்தில் பெரும்பகுதி இப்போது அங்கேதான் போகிறது.

முதல் வருடம் முழுக்க நேருக்கு நேர் மோதினேன். அதிரடியாக வந்து ராஜாவைப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். முப்பது நகர்த்தல் வரை ஒன்றுமே நடக்காது. அப்புறம் பார்த்தால் என் குதிரைக்குப் போக இடம் இருக்காது, யானை ஒரு சிப்பாய்க்குக் காவல் நின்றே காலம் தள்ளும். அடி வாங்கித் தோற்பதைவிட மூச்சுமுட்டித் தோற்பது மோசம்.

கம்ப்யூட்டரை எதிர்க்க அந்தக் காலத்து மாஸ்டர்கள் ஓர் உத்தி வைத்திருந்தார்கள். சிப்பாய்களைப் பூட்டிவிட வேண்டும், கணக்குப் போட அதற்கு எதுவும் கிடைக்காமல் செய்ய வேண்டும், பிறகு ஒரு பக்கம் மெதுவாக ஏற வேண்டும். 2003-ல் நியூயார்க்கில் முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ் எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் என்ற செஸ் மென்பொருளை மூன்றாவது ஆட்டத்தில் இப்படித்தான் சாய்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஃபிரிட்ஸ் பிஷப்பை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தது. நானும் மாதக்கணக்கில் அதையே முயன்றேன். ஒரே ஒரு டிரா கிடைத்தது. சிப்பாய்கள் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்க, யாரும் யாரையும் தொட முடியாமல், ஐம்பது நகர்த்தல் வரை காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் போனால் டிரா என்ற விதிப்படி முடிந்தது. நகர்த்தல்களை எழுதிய அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

1997-ல் ஐபிஎம் கம்ப்யூட்டர் டீப் ப்ளூ காஸ்பரோவை 3.5–2.5 என்று வென்ற அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதற்கு முந்தைய வருடம் காஸ்பரோவ் அதை 4–2 என்று வென்றிருந்தார். 2002-ல் பஹ்ரைனில் ரஷ்ய மாஸ்டர் கிராம்னிக்கும் டீப் ஃபிரிட்ஸ் மென்பொருளும் 4–4. அடுத்த ஆண்டு காஸ்பரோவ் டீப் ஜூனியரோடு 3–3, எக்ஸ்3டி ஃபிரிட்ஸோடு 2–2. அது நிஜமான போட்டிக்காலம். முடிவு 2005-ல்தான் வந்தது: சிறப்பு வன்பொருளில் ஓடிய ஹைட்ரா, லண்டனில் இங்கிலாந்தின் கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5.5–0.5 என்று நொறுக்கியது. 2006-ல் பான் நகரில் அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸிடம் 4–2 என்று தோற்றார். அதில் ஓர் ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் வரும் செக்மேட்டைக் கவனிக்காமல் விட்டார். மூன்றே வருடத்தில், பியூனஸ் அயர்ஸில் நடந்த ஒரு போட்டியை பாக்கெட் ஃபிரிட்ஸ் 10-க்கு 9.5 எடுத்து வென்றது. அது ஓடியது ஒரு கைபேசியில்.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். இந்தப் பதினோரு ஆண்டுகளில் பெரிய மாற்றம் 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12. அதுவரை நிலையை எடைபோடும் விதிகளை மனிதர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 12-ல் எடைபோடத் தானே கற்றுக்கொண்ட சிறிய நரம்பு வலையமைப்பு ஒன்று உள்ளே வந்தது. ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு உருவாக்கிய முறை அது. ஒரு காய் நகர்ந்தால் மாறிய பகுதியை மட்டும் திரும்பக் கணக்கிடும்; அதனால் சாதாரண பிராசஸரிலேயே வேகமாக ஓடும். பிற்பாடு மனிதர் எழுதிய விதிகளை முழுதாகவே எடுத்துவிட்டார்கள். வேறுபாடு எனக்கு அன்று இரவே தெரிந்தது. கருப்பில் ஆடி நான் பெருமையாக வைத்திருந்த கிங்ஸ் இந்தியன் (ஒரு தொடக்க முறை) ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பழைய பதிப்பு வெள்ளைக்கு +0.4 என்று, அதாவது சிறு முன்னிலை என்று, சொன்ன நிலையில் இது +1.3 என்றது, அதாவது பெரிய முன்னிலை. ராஜா பக்கம் நான் கட்டிய தாக்குதல் வந்து சேர்வதற்கு முன்பே ராணி பக்கம் திறந்துவிடும் என்று காட்டியது. காட்டியது உண்மைதான்.

குறை என்று சொன்னால், அந்த எண்ணைத்தான் சொல்வேன். 2016 முதல் இரண்டு வருடம், ஆட்டம் முடிந்த கையோடு எஞ்சினை, அதாவது ஸ்டாக்ஃபிஷ்ஷை, போட்டுவிடுவேன். தவறெல்லாம் சிவப்பாக வரும், சரியான நகர்த்தல் பச்சையாக வரும், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்த இரண்டு வருடமும் என் ரேட்டிங் ஒரு புள்ளி நகரவில்லை. யோசிக்கும் வேலையை நான் கைகழுவியிருந்தேன்.

இப்போது ஒரு மணி நேரம் நோட்டில் கையால் எழுதிய பிறகே அதைத் திறக்கிறேன். ஒரு யானை இறுதியாட்டம் நினைவிருக்கிறது. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ராஜா நடுவில். ‘இங்கே நான் ஜெயித்திருக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். எஞ்சின் 0.00, அதாவது சமநிலை, என்றது. ஏன் என்று சொல்லாது, சொல்லவும் தெரியாது. அது காட்டிய வரிசையில் காரணம் தெரியவே இல்லை. அப்புறம் அதே நிலையிலிருந்து அதோடு ஆடினேன், ஜெயிக்க வேண்டிய பக்கத்தை எடுத்துக்கொண்டு. ஆறு தடவை. ஆறாவது தடவைதான் புரிந்தது: அதன் யானை பக்கவாட்டில் தூரமாகப் போய் நின்றுகொண்டு செக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, என் ராஜாவுக்கு ஒதுங்க நிழலே இல்லை. அந்த எஞ்சினிடம் நான் கற்றதில் பாதி, இப்படித் தோற்றோ டிரா செய்தோ கற்றதுதான்.

பார்வையாளர்களையும் அந்த எண் கெடுக்கிறது. 2018 உலக சாம்பியன்ஷிப் ஆறாவது ஆட்டத்தில் கருப்புக் காய்களோடு ஆடிய அமெரிக்கச் சவாலாளர் கருவானாவுக்கு ஒரு வெற்றி வழி இருந்ததை ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. அந்த வழியில் குதிரை தானாகவே போய் ஜி1 கட்டத்தில், வெளியே வர வழியில்லாத இடத்தில் உட்கார வேண்டும். எந்த மனிதருக்கும் அப்படித் தோன்றாது. ஆட்டம் டிரா. எஞ்சின் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே ‘தவறவிட்டார்’ என்று சொல்வது அந்த ஆட்டக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

பலம் குறைத்து ஆடும் வசதி எனக்குப் பிடிக்கவே இல்லை. பத்து நகர்த்தல் மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டு, பதினோராவதில் காரணமே இல்லாமல் ஒரு காயைக் கையில் கொடுக்கும். அந்த வெற்றி வாயில் ஒட்டாது. மனிதரின் தவறுகளையே கற்றுக்கொண்ட மையா என்ற எஞ்சின் அதைவிட எவ்வளவோ மேல்.

குதிரை விட்டுக்கொடுத்து ஆடுவதில்தான் எனக்குத் திரும்பவும் நெஞ்சு படபடத்தது. சாதாரண ஸ்டாக்ஃபிஷ் இதற்கு அவ்வளவாக ஒத்துவராது. எதிராளி தப்பே செய்யமாட்டார் என்று எண்ணிக்கொண்டு, தோற்றுவிட்டோம் என்ற கணக்கிலேயே ஆடும். காய் மாற்றவும் தயங்காது. லீலா என்ற இன்னொரு எஞ்சினில் இதற்கென்றே பயிற்சி கொடுத்த ஒன்று லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் இருக்கிறது. அது காய்களை மாற்றவே விடாது. பலகையைக் குழப்பமாகவே வைத்திருக்கும். நாம் தடுமாறும் வரை காத்திருக்கும். ஒரு குதிரை கூடுதலாக இருந்தும் இருபத்தைந்தாவது நகர்த்தலில் என் கை வியர்த்திருக்கிறது.

நிதான நேர அளவில் இதுவரை 64 ஆட்டம் ஆடியிருக்கிறேன். ஏழு வெற்றி, ஐந்து டிரா. ஏழில் ஆறு ஒரே மாதிரி வந்தவை: ராணிகளைச் சீக்கிரம் வெட்டிவிட்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அது என்ன மிரட்டுகிறது என்று கேட்டுக்கொண்டு, அவசரப்படாமல் ஆடியவை. ஏழாவதில் ராணிகள் கடைசி வரை பலகையில் இருந்தன. அதை இன்னும் எஞ்சினில் போட்டுப் பார்க்கவில்லை. நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.