இருமலுக்கு எந்த இலை? கற்பூரவல்லி, துளசி, தூதுவளை, ஆடாதோடை: ஓர் ஒப்பீடு

இருமல் என்று சொன்னால் போதும், நம் வீடுகளில் ஆளுக்கொரு இலையை நீட்டுவார்கள். மாமியார் கற்பூரவல்லி என்பார், அத்தை துளசியை விட மாட்டார், எதிர்வீட்டு அக்கா ஊரிலிருந்து வந்த தூதுவளைப் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். எல்லாமே தலைமுறை தலைமுறையாகக் கைகண்ட மருந்துகள்தான். ஆனால் “எந்த மாதிரி இருமல்?” என்று முதலில் கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்காமல் எந்த இலை உசத்தி என்று பேசிப் பயனில்லை.

கோலாலம்பூரில் அடிக்கடி பார்க்கும் இருமல் மூன்று வகை. சளி பிடித்து, நெஞ்சில் கபம் கட்டி, கரகரவென்று வருவது ஒன்று. சளி போன பிறகும் தொண்டை அரிப்போடு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத வறட்டு இருமல் இன்னொன்று. மூன்றாவது, புகைமூட்டக் காலத்து இருமல். ஜூலை தொடங்கி செப்டம்பர், அக்டோபர் வரை சுமத்ராவில் காடும் சதுப்பு நிலமும் எரிந்தால், தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை நேரே இங்கே கொண்டுவந்து இறக்குகிறது. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். 2019 செப்டம்பரில் பள்ளிகளை மூடினார்கள். புகையால் வரும் இருமலில் வெளியே தள்ள வேண்டிய கபம் அதிகம் இருக்காது. தொண்டை காய்ந்து எரியும். அதற்குப் போய் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் காரமாகக் கஷாயம் குடித்தால் எரிச்சல்தான் கூடும்.

சரி, இலைகளுக்கு வருவோம். பிளாட்டில் இருப்பவர்களுக்கு என் முதல் ஓட்டு கற்பூரவல்லிக்கு. இதை ஓமவல்லி என்றும் சொல்வோம். மலாய்க்காரர்கள் பாங்குன் பாங்குன் என்கிறார்கள். சுமத்ராவின் பாத்தாக் மக்கள் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்று இதே இலையைச் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். ஓமத்தின் வாசனை இதில் வருவதற்குக் காரணம் உண்டு. ஓமத்திலும் கற்பூரவல்லியிலும் தைமால், கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் தைம் என்ற செடியை இருமல் மருந்தாக வைத்திருக்கிறார்கள், அதிலும் இதே தைமால்தான். வெவ்வேறு ஊர்க்காரர்கள் தனித்தனியாக ஒரே பொருளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்றால், நம் பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இலையைப் பச்சையாக அரைத்து வடிகட்டினால் நெடி தாங்காது, பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். நன்றாக விளைந்த நாலைந்து இலைகளைக் கழுவித் துடைத்து, காய்ந்த தோசைக்கல்லில் போட வேண்டும். தடிப்பான, சுணை படர்ந்த இலை அது. ஒரு பக்கம் பளபளவென்று வேர்த்து, பச்சை நிறம் மங்கி, துணி மாதிரித் துவண்டு போகும். உடனே திருப்பிப் போட்டு எடுத்துவிட வேண்டும். “வாடணும், கருகக் கூடாது” என்பார் பாட்டி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் விறகடுப்புத் தணலில் காட்டி வாட்டிய கை அது. சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையில் வைத்து முறுக்கிப் பிழிந்தால் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூடக் குறைய சாறு வரும். அதில் அரைத் தேக்கரண்டி தேன் கலந்து கொடுத்தால் நெடி அடங்கிவிடும். கபம் கட்டிய இருமலுக்கு இது பொருத்தம். வறட்டு இருமலுக்கு அவ்வளவாக உதவாது.

வளர்ப்பது சுலபம். ஒரு கொப்பை ஒடித்து மண்ணில் செருகினால் பிடித்துக்கொள்ளும். அதிகத் தண்ணீர்தான் அதற்கு எமன், அடித்தண்டு அழுகிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறவர்கள் அதில் தேங்கும் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். அந்தக் கொஞ்சம் தண்ணீர் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட. இருமலுக்குச் செடி வைத்து வீட்டுக்குள் டெங்கியை வரவழைக்க வேண்டாம்.

துளசி அடுத்தது. இதில் இருக்கும் யூஜினால் கிராம்பிலும் இருப்பதுதான். தொண்டைக் கரகரப்பு, மூக்கொழுகல், சளி தொடங்கும் முதல் ஒன்றிரண்டு நாள் என்றால் கற்பூரவல்லியைவிடத் துளசி மேல். ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கும் நீரில் போட்டு மூடி வைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது குடித்தால் தொண்டைக்கு இதம். மூடி முக்கியம், இல்லாவிட்டால் ஆவியோடு வாசனை எண்ணெயும் போய்விடும். கபம் கட்டிய பிறகு துளசி மட்டும் போதாது. இன்னொரு சங்கடம், பொழுது சாய்ந்த பிறகு துளசியைப் பறிக்கக் கூடாது என்று பல வீடுகளில் வழக்கம். இருமலோ ராத்திரியில்தான் படுத்தும். அந்த வழக்கத்தை மதிக்கிறவர்கள் பகலிலேயே பறித்து வைத்துக்கொள்ளலாம். வெயில் நேராகப் படாத பால்கனியில் துளசி நோஞ்சானாகத்தான் வளரும். மாடத்தில் வைத்து விளக்கேற்றும் செடி, மருந்துச் செடி என்று தனித்தனித் தொட்டியாக வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், நல்ல யோசனை.

தூதுவளையை இந்தப் போட்டியில் வேறு வரிசையில்தான் நிறுத்த வேண்டும். அதை நான் மருந்தைவிட உணவாகவே பார்க்கிறேன். இலையின் அடிப்பக்கத்து நரம்பில்கூட முள் இருக்கும், கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு நெய்யில் வதக்கி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம் வைத்தால், காய்ச்சல் விட்டு வாய் கசந்து கிடப்பவர்களுக்கு இரண்டு கவளம் சோறு இறங்கும். சளி போன பிறகு உடம்பு தேறும் வாரத்துக்கு உகந்தது. படரும் கொடி என்பதால் பிளாட்டில் சிரமம், தரைவீட்டு வேலியோரம் என்றால் தாராளமாக ஏறும். சுங்கை பூலோவில் சாலையோரம் வரிசையாக இருக்கும் செடிக்கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆடாதோடைதான் இந்த நாலில் நிஜமாகவே மருந்து என்று சொல்லத் தக்கது, அதனாலேயே பயந்து தொட வேண்டியது. “ஆடாதோடையால் பாடாத நாவும் பாடும்” என்பார்கள். இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்ஸின் என்ற சளி இளக்கி மருந்தை 1960களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று கிளினிக்கில் கொடுக்கும் அம்ப்ராக்சால் அதன் வழிவந்ததே. ஆக, கெட்டியான கபத்தை இளக்குவதில் மற்ற மூன்றும் இதற்குப் பின்னால்தான். ஆனால் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டு அளவில் நான் கொடுக்க மாட்டேன். கசப்பும் குமட்டலும் வேறு. கற்பூரவல்லி இருக்கும் வீட்டில் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இலை இல்லாத வீட்டிலும் அஞ்சறைப்பெட்டி இருக்கும். அங்கே சண்டை இஞ்சிக்கும் சுக்குக்கும். பச்சை இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது, அது இன்னும் காரம். மழையில் நனைந்து நடுக்கத்தோடு வந்தவருக்குச் சுக்குக் கஷாயம் சுள்ளென்று இறங்கி வேர்க்க வைக்கும். பஸ்ஸில் வாந்தி, மசக்கை, வயிற்றுப் பிரட்டல் என்றால் பச்சை இஞ்சி. குமட்டலுக்கு இஞ்சி கேட்கும் என்பது மனிதர்களிடம் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம், இருமலுக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. பகாங்கின் பெந்தோங் இஞ்சி கிடைத்தால் பாதி அளவு போதும், அவ்வளவு உறைப்பு. மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) குடிக்கும் தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர் இதமானது, சந்தேகமில்லை. ஆனால் கெட்டிப்பால் சீனியைக் கணக்கில் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டும், நம்மில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் போடும் கஷாயத்துக்குக் கருப்பட்டி இல்லையென்றால் குலா மெலாக்கா என்ற தென்னங்கருப்பட்டி போடலாம், ஒரு தண்டு செராயும் (எலுமிச்சைப்புல்) தட்டிப் போட்டால் மணமே தனி. அதுவும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம்.

மஞ்சள் பாலில் மிளகு போடச் சொன்னவர்கள் கெட்டிக்காரர்கள். மஞ்சளின் குர்குமின் உடம்பில் சுலபத்தில் சேராது. மிளகின் பைபரினைச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 20 மடங்கு கூடியதாக 1998இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதில் கொடுத்தது 2 கிராம் குர்குமின், ஒரு டம்ளர் பாலில் நாம் போடும் ஒரு சிட்டிகையில் அந்த அளவு வராது. படுக்கும் முன் சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதம், தூக்கம் வரும். அதற்கு மேல் மஞ்சள் பாலிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வறட்டு இருமலுக்கும் புகை இருமலுக்கும் தேனும் அதிமதுரமும்தான். பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2018இல் சாதாரண இருமலுக்கு முதலில் தேனைச் சொன்னது, அதை நம் பாட்டிமார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு சொட்டுத் தேன்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைச் செயலிழக்கச் செய்யும். சேனை வைக்கும் பழக்கம் உள்ள குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதிமதுரத்தை மளிகைக் கடையிலும் வாங்கலாம், சீன மருந்துக் கடையில் சீவல் சீவலாகவும் கிடைக்கும். ஒரு சீவலை வாயில் அடக்கிக்கொண்டால் தொண்டை அரிப்பு உடனே தணியும். தொடர்ந்து நாள்கணக்கில் தின்றால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் துளசி, இஞ்சி, மஞ்சள் மூன்றையும் சமையலில் சேர்க்கும் அளவைத் தாண்டி எடுக்க வேண்டாம். ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் சட்டியைப் பிள்ளையின் மடிக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள், வெந்து போகும் விபத்துகள் அப்படித்தான் நடக்கின்றன.

கடையில் லேகியமோ சிரப்போ கேப்சூலோ வாங்கினால் உறையில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘மால்’ (MAL) என்ற எழுத்துகளில் தொடங்கி எட்டு இலக்கம் வரும், பாரம்பரிய மருந்து என்றால் கடைசியில் ‘டி’ (T) எழுத்து. அந்த எண் இல்லாத சரக்கில் ஸ்டீராய்டு கலந்து விற்றுப் பிடிபட்ட கதைகள் இங்கே உண்டு. ஒரே நாளில் இருமலும் மூட்டுவலியும் சேர்ந்து பறந்து போனால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

காய்ச்சலோடு வரும் இருமலில் கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிகிற மாதிரி வலி இருந்தால் அன்றைக்கே கிளினிக்கில் டெங்கிச் சோதனை செய்துவிடுங்கள், பப்பாளி இலைச் சாற்றை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில் அந்தச் சாறு ரத்தத்தின் பிளேட்லெட் (தட்டணு) எண்ணிக்கையைச் சீக்கிரம் ஏற்றியது உண்மை, ஆனால் அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில் மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், ராத்திரி வேர்வை, எடை குறைவது என்றால் எந்த இலையும் வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். போகும்போது இதுவரை வீட்டில் என்னென்ன குடித்தோம் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் எழுதித் தரும் மருந்துக்கு அந்த விவரம் தேவைப்படும்.