எங்கள் கடுவனுக்கு வாங்கிய மீன் பவுச்

பூனைக்கான ஈரத் தீனிப் பாக்கெட் இது, கோபி பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம்தான், இதில் 80 வரை இருக்கும்; பூனை தானாக அதிகம் தண்ணி குடிக்கிற ஜாதி இல்லையே, சித்திரை வெயிலில் ஒன்றுக்குப் போக முடியாமல் முக்கிக்கொண்டு கிடந்தவனைக் காட்டியபோது, "ஆண் பூனைக்கு அடைச்சுட்டா உயிருக்கே ஆபத்துங்க, ஈரத் தீனி குடுங்க" என்றார் டாக்டர். இப்போது மூத்திரம் பட்டு மணலில் கட்டி பெரிசு பெரிசாக விழுகிறது, சந்தோஷம். விலைதான் கையைக் கடிக்கிறது. பிரித்துவிட்டு மறந்தால் நாற்றம், எறும்பு வேறு.

அப்புறம், அதே கடையில் மூட்டையைத் திறந்துபோட்டு எடைக்கு விற்கும் உலர் தீனியைத் தொடாதீர்கள். நமத்துப்போய், விரலால் அழுத்தினால் நொறுங்காமல் அமுங்குகிறது. பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்கிற நச்சு சேர்ந்தால் கல்லீரல் போச்சு. கடைக்காரரோ "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க" என்கிறார்.